கஞ்சமும் அவசரமும் செய்த சிப்

வட்டமான ஒரு கருவியை டாக்டர் அத்தையின் இடது தோளுக்குக் கீழே வைத்தார். அங்கே தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு புடைப்பு. இதயம் மறந்துபோகாமல் துடிக்க அவ்வப்போது ஒரு தட்டு தட்டிக்கொடுக்கும் பேஸ்மேக்கர் அது. பக்கத்துத் திரையில் கோடுகள் ஓடி நின்றன. டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“ரொம்ப நல்லா ஓடியிருக்கும்மா. உங்க கூட இதே மாடலை வச்சுக்கிட்டவங்க எல்லாருக்கும் எப்பவோ மாத்தியாச்சு. ஆனா இதுலயும் பேட்டரி தீரப் போகுது. சில மாசத்துக்குள்ள மாத்திடணும்.”

“வேண்டாம்,” என்றாள் அத்தை, மேல்துணியை இழுத்து மூடிக்கொண்டே.

“மாத்தலைன்னா அது நின்னுடும். அது நின்னா…”

“நிக்கட்டும். இது என் பையன் செஞ்சது. இதை வெளிய எடுக்க விடமாட்டேன்.”

டாக்டர் மருமகளைப் பார்த்தார். மருமகள் தரையைப் பார்த்தாள். ‘அதில் பாதி நான் செய்தது அத்தை’ என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. மகனைப் பறிகொடுத்தவளிடம் பாதிக் கணக்குப் பேசுவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த மருமகளின் கதைதான் இது. அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் கூப்பிட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கஞ்சம் என்று ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் பழைய சகாக்கள் ‘கஞ்சம் அக்கா’ என்றுதான் போனில் ஆரம்பிக்கிறார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பணத்தில் அவள் கஞ்சமே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் கஞ்சத்தனமெல்லாம் மின்சாரத்தில்தான்.

அவள் வேலை சிப் வடிவமைப்பது. ஒரு சிப்புக்குள் கோடிக்கணக்கில் டிரான்சிஸ்டர்கள் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவை எல்லாம் ஒழுகும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. டிரான்சிஸ்டரைக் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். லூசான குழாயைத் தொட்டால் போதும், திறந்துகொள்ளும். ஆனால் மூடினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். இறுக்கமான குழாய் சொட்டாது; ஆனால் திறக்க மல்லுக்கட்ட வேண்டும். எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தால் அந்தக் குழாய் திறக்கும் என்பதற்குத்தான் த்ரெஷோல்ட் என்று பெயர். த்ரெஷோல்டைக் குறைத்து வைத்தால் சிப் வேகமாக ஓடும், சும்மா இருக்கும்போதும் பேட்டரியைக் குடிக்கும். கூட்டி வைத்தால் பேட்டரி மிஞ்சும், சிப் ஆமை மாதிரி நகரும். லூசான வகைக்கு எல்.வி.டி. என்றும் இறுக்கமான வகைக்கு எச்.வி.டி. என்றும் அந்தத் தொழிலில் சொல்வார்கள். இப்படிப் பொருத்தும் ஒவ்வொரு துண்டையும் செல் என்பார்கள்; இரண்டு வகையும் ஒரே அளவுதான் இருக்கும். ஒன்றைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொன்றைப் பொருத்தலாம், பக்கத்தில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் இடம் இடமாகப் பார்த்து, வேகம் தேவையில்லாத இடத்திலெல்லாம் இறுக்கமானதைப் பொருத்துவது கஞ்சத்தின் வேலை.

இவ்வளவு விளக்கியதற்கு மன்னியுங்கள். இது தெரியாவிட்டால் அவள் கல்யாணம் எப்படி நடந்தது என்பது புரியாது.

அவர்கள் வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கம்ப்யூட்டர்கள் சூடாகிவிடக் கூடாது என்று குளிரூட்டியை எப்போதும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். அதனால் கஞ்சம் வெயில் காலத்திலும் ஒரு தடித்த சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். தரையில் நீலக் கம்பளம், சுவரோரமாக அழிக்கவே அழியாத பழைய கோடுகளோடு ஒரு வெள்ளைப் பலகை, மூலையில் எல்லோரும் திட்டிக்கொண்டே குடிக்கும் காபி இயந்திரம். அவள் நாற்காலிக்கு முதுகு காட்டியபடி இன்னொரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவர் வேகத்துக்குப் பொறுப்பு. சிப்புக்குள் ஒரு கடிகாரத் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஒவ்வொரு சேதியும் போய்ச் சேர்ந்துவிடுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சேராவிட்டால் அவர் திரையில் சிவப்பு வரி வரும். சிவப்பைக் கண்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது; உடனே அங்கே ஓர் எல்.வி.டி.யைத் தூக்கிப் போடுவார். அவருக்கு அவசரம் என்று பெயர்.

கஞ்சமும் அவசரமும் முதல் வாரத்திலேயே மோதிக்கொண்டார்கள்.

“நான் மாத்தி வச்சதை எல்லாம் நீங்க ஏன் திருப்பி மாத்துறீங்க?” என்று அவள் நாற்காலியைச் சுழற்றிக் கேட்டாள்.

“சேதி நேரத்துக்குப் போய்ச் சேரலைங்க. நீங்க மிச்சம் பிடிச்சு என்ன பண்றது? பொம்மை மாதிரி அழகா வச்சுப் பாக்கறதா?”

“நீங்க போட்டது எல்லாம் ஒழுகுது. ஓடற நேரத்தைவிடச் சும்மா இருக்கற நேரத்துல அதிகமா குடிக்குது. அதுக்கு என்ன சொல்றீங்க?”

“ஓடட்டும் முதல்ல. அப்புறம் ஒழுகறதைப் பத்திப் பேசலாம்.”

இது தினமும் நடந்தது. அவள் சாயங்காலம் சீக்கிரம் கிளம்பிவிடுவாள், அவர் கொஞ்சம் தாமதமாக. அவள் போன பிறகு அவள் பொருத்திய எச்.வி.டி.களில் பாதியை அவர் பிடுங்கிவிட்டு எல்.வி.டி. போட்டுவிட்டுப் போவார். காலையில் அவள் வந்து முணுமுணுத்துக்கொண்டே அவற்றில் பாதியைத் திரும்ப மாற்றுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, எப்போதும் பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவரும் சகா ஒருவன் இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பான். அவனுக்குப் பெயரே பிளாஸ்க் ஆகிவிட்டது. “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வேலை பாக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்காரு மேனேஜர்,” என்பான்.

ஒரு நாள் காலையில் அவள் வந்து பார்த்தால், முந்தின நாள் அவள் வைத்தது எல்லாம் வைத்தபடியே இருந்தது. ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. அவளுக்குச் சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை. முதுகுப்பக்கத்து நாற்காலியும் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பொறுக்கவில்லை. பிளாஸ்க்கிடம் எண்ணை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அவருக்குப் போன் போட்டாள்.

“உடம்பு சரியில்லையா?”

“எப்படித் தெரியும்?”

“என் செல் எல்லாம் அப்படியே இருக்கு.”

அவர் தொண்டை கட்டிய குரலில் சிரித்தார். காய்ச்சலோடு அவ்வளவு நேரம் சிரித்ததற்கு அவர் அம்மா பின்னாலிருந்து திட்டியது போனில் கேட்டது. அத்தையின் குரலைக் கஞ்சம் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். அதற்குப் பிறகு கல்யாணம் நடக்க ஒரு வருடம்கூட ஆகவில்லை. கல்யாணத்துக்கு வந்த மேனேஜர், “இனிமேலாவது ஆபீஸ்ல சண்டை போடாம இருங்க,” என்று வாழ்த்தினார். அவர் வாழ்த்து பலிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அத்தைக்குத் திடீர் திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு தடவை மாடிப்படியில் விழுந்தாள். இதயம் துடிக்க மறக்கிறது என்று பேஸ்மேக்கர் வைத்தார்கள். வைத்த இடத்தில் சீழ் பிடித்துக்கொண்டது. திறந்து கழுவினார்கள், மறுபடி மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். அத்தை வலி தாங்கக்கூடிய பெண்தான். ஆனால் அந்தக் கட்டிலில் அவள் பட்ட பாட்டைக் கஞ்சம் பக்கத்திலிருந்து பார்த்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தை பல்லைக் கடிப்பாள், சத்தம் வராது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“இதுல பேட்டரி எத்தனை நாள் வரும்?”

“ஆறேழு வருஷம் வரும்மா.”

“அப்புறம்?”

“மறுபடி மாத்தணும்.”

“இன்னொரு தடவை என்னைக் கிழிச்சா, அதுக்கு மேல கிழிக்க விடமாட்டேன். அது எத்தனை வருஷம் வருதோ அதுதான் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்.”

அவர்கள் கம்பெனிக்குப் பேஸ்மேக்கர் சிப் வேலை வந்தது அதற்கு அடுத்த வருடம். மேனேஜர் அறிவித்தபோது இருவரும் நாற்காலியைச் சுழற்றி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு எந்தச் சிப்பிலும் கஞ்சம் மிச்சம் பிடித்தது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. இதில் தெரியும். இந்தச் சிப் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும், நடுநடுவே விழித்து இதயத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கும். தூங்கும்போது ஒழுகுவதுதான் பேட்டரியைத் தின்பது. ஒழுகுவதைப் பாதியாக்கினால் ஒருத்தி இன்னும் பல வருடம் கட்டிலில் படுக்காமல் இருக்கலாம்.

ஆரம்பத்திலிருந்தே கணக்கு உதைத்தது. கஞ்சம் இறுக்கமான செல்களைப் போடப் போட, அவசரத்தின் திரை சிவந்துகொண்டே போனது. அதுவும் குளிரில். பொதுவாகச் சூடு ஏறினால்தான் சிப் மந்தமாகும். ஆனால் குறைந்த மின்னழுத்தத்தில் ஓட வைக்கும் சிப்பில் கதை தலைகீழ்: குளிர்ந்தால் குழாய் இன்னும் இறுகிக்கொள்ளும், திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். உறைபனிக் குளிரில் கஞ்சத்தின் செல்கள் எதுவுமே வேளைக்கு எழுந்திருக்கவில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்று அவர் நின்றார். முடியாது என்று அவள் நின்றாள்.

இந்தத் தடவை சண்டை வீட்டுக்கும் வந்தது. காரில் சண்டை, மாடிப்படியில் சண்டை, பாத்திரம் கழுவும்போது சண்டை.

“எங்கம்மாவுக்கு நெஞ்சு நிக்கக்கூடாதுன்னு நான் சொல்றேன். நீ பேட்டரியைப் பத்தியே பேசற.”

“உங்கம்மா மறுபடி அந்தக் கட்டில்ல படுக்கக்கூடாதுன்னு நான் சொல்றேன். அது மட்டும் உங்க காதுல விழாது.”

உள்ளறையிலிருந்து அத்தையின் குரல் வரும்: “என்னை வச்சு என்னடா ஏலம் போடறீங்க?”

வாரக்கணக்கில் இப்படிப் போனது. அவர்கள் அவ்வளவு கடுமையாகப் பேசிக்கொண்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிறகு அத்தையை வழக்கமான பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். அந்த அறையில் குளிர் நடுக்கி எடுத்தது. அத்தை, “ஐயோ, என்னால முடியல, எனக்கு ஜன்னி வந்துடும்போல இருக்கு,” என்று புலம்பினாள். நர்ஸ் வந்து தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “உடம்பு எப்பவும்போலதான் இருக்கும்மா, முப்பத்தேழு டிகிரி. வெளியதான் குளிரு,” என்று சொல்லிவிட்டுப் போர்வை எடுக்கப் போனாள்.

கஞ்சம் கணவரைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் குளிர் லிஸ்ட்டை யாரு போட்டது?” என்றார் மெதுவாக.

அவளுக்குக் காது சூடானது. போட்டது அவள்தான். எந்த எந்த வெப்பநிலையில் சிப்பைச் சோதிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கட்டளைகளைப் புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, முந்தின சிப்பிலிருந்து அப்படியே எடுத்து வைத்திருந்தாள். முந்தின சிப் தெருக் கம்பத்தில் தொங்கும் தொலைபேசிப் பெட்டிக்கானது. பனியும் வெயிலும் அது பட்டே ஆக வேண்டும். மனுஷர் நெஞ்சுக்குள் எந்தக் காலத்தில் பனி பெய்தது? தினமும் பார்க்கும் எண்கள்; இருவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எந்தப் பனியிலும் சிப் ஓட வேண்டும் என்பது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோல் பழகிப்போயிருந்தது. வரவே வராத ஒரு குளிருக்காக வாரக்கணக்கில் குடும்பமே சண்டையில் கிடந்தது.

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு அவளும். அடக்க அடக்க வந்தது. போர்வையோடு திரும்பி வந்த நர்ஸ், “நோயாளிக்குக் குளிர்ல நடுங்குது, நீங்க சிரிச்சுக்கிட்டு நிக்கறீங்க, நல்ல பிள்ளைங்கதான்,” என்று கண்டித்தாள். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இருவரும் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள் என்று மட்டும் புரிந்தது. அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

குளிரை முழுக்கக் கைவிட முடியவில்லை. நெஞ்சுக்குள் போகும்வரை கருவி பெட்டியில் கிடக்குமே. பெட்டியில் இருக்கும்வரை சிப் மெதுவாக ஓடட்டும், உடம்புச் சூடு பட்டதும் தன் வேகத்துக்கு வரட்டும் என்று முடிவு செய்தார்கள். சிவப்பு வரிகள் மளமளவென்று மறைந்தன. கஞ்சம் ஆசை தீர எச்.வி.டி. போட்டாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சிப் தூக்கத்திலிருந்து விழிக்கும் சின்னப் பகுதி அது.

“இங்க மட்டும் என்னோடது இருக்கட்டும். ஒழுகினா ஒழுகட்டும். அம்மாவோட நெஞ்சு ஒரு துடிப்பை விட்டா இது சட்டுன்னு எழுந்துக்கணும்.”

அவள் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“சரி. தூங்கறதுக்கு என்னோடது. எழுந்துக்கறதுக்கு உங்களோடது.”

அவள் வாழ்க்கையில் அவருக்குச் சண்டையில்லாமல் விட்டுக்கொடுத்த ஒரே இடம் அதுதான். அந்த அறையை இப்போது நினைத்தாலும் அவளுக்கு அந்தச் சாயங்காலம்தான் முதலில் ஞாபகம் வருகிறது: இரண்டு நாற்காலிகளும் ஒரே திரையைப் பார்த்துத் திரும்பியிருந்தன, அவள் சால்வையின் ஒரு முனை அவர் மடியில் கிடந்தது, பிளாஸ்க் தன் வெந்நீரைப் பங்கு போட்டுக் கொடுத்தான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

சிப் தயாராகி, கருவியாகி, சோதனைகளையெல்லாம் தாண்டி மருத்துவமனைக்கு வருவதற்குள் அத்தையின் பழைய பேட்டரி கடைசி மூச்சுக்கு வந்துவிட்டது. அத்தை ஒப்புக்கொண்ட அந்த இன்னொரு தடவை வந்தது. அறுவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது மகன் அவள் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தார்.

“பயப்படாதம்மா. இது நாங்க செஞ்சது.”

“நீங்க செஞ்சதுன்னுதான்டா பயமா இருக்கு,” என்றாள் அத்தை. தள்ளிக்கொண்டு போன ஆள்கூடச் சிரித்துவிட்டான்.

காயம் ஒழுங்காக ஆறியது. அத்தை அதற்குப் பிறகு மாடிப்படியில் ஒரு தடவைகூட நிலை தடுமாறவில்லை. காலையில் ரொட்டி வாங்கத் தெருமுனைவரை போவாள். வழியில் யாராவது விசாரித்தால் தோளைத் தொட்டுக் காட்டி, “என் பையன் உள்ள உட்கார்ந்துக்கிட்டுத் தட்டிக்கிட்டே இருக்கான்,” என்பாள். மருமகளின் பங்கைப் பற்றி ஒரு நாளும் அவள் வாயில் ஒரு வார்த்தை வந்ததில்லை. கஞ்சத்துக்கு அதில் சின்ன வருத்தம் உண்டு. அதைக் கணவரிடம் சொன்னபோது, “நீதான் அவங்களைத் தூங்க வைக்கறே. தூங்கறவங்களுக்கு யாரு தூங்க வச்சாங்கன்னு தெரியுமா?” என்று சமாதானம் சொன்னார். அவருக்குப் பேச்சில் குறைச்சலே இல்லை.

ஒரு மத்தியானம் அவர் அலுவலகப் படிக்கட்டில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பிளாஸ்க்தான் ஓடி வந்து கஞ்சத்தைக் கூப்பிட்டான். அவள் சால்வையோடு கீழே ஓடினாள். படிக்கட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அவள் அழவில்லை. வீட்டுக்குப் போய் அத்தையிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அழாமல் சொல்லியாக வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தவளுக்கு, அதற்குப் பிறகு அழவே வரவில்லை.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் இரண்டு பெண்கள் மிஞ்சினார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் என்றால் ஊர் வேறு மாதிரி எதிர்பார்க்கும். இவர்கள் சண்டை போட்டதெல்லாம் மின்விசிறியை அணைப்பதற்காகத்தான். ஆனால் இருவரும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. பேசினால் எதிரில் இருப்பவள் உடைந்துவிடுவாள் என்று ஒவ்வொருத்தியும் பயந்தாள். கஞ்சம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். அத்தை ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். தோளுக்குக் கீழே அந்தச் சின்னப் பெட்டி தூங்கியது, எழுந்தது, தட்டியது.

இப்போது அது நிற்கப் போகிறது.

பரிசோதனை முடிந்து வந்த நாளிலிருந்து கஞ்சம் எல்லா வழியும் பார்த்துவிட்டாள். கெஞ்சினாள். கோபப்பட்டாள். டாக்டரைப் போனில் பேச வைத்தாள். அத்தை அசைந்து கொடுக்கவில்லை. “நான் அன்னிக்கே சொல்லிட்டேன், இன்னொரு தடவைக்கு மேல கிடையாதுன்னு. அதுவும் அவனை எடுத்து வெளிய போட்டுட்டு யாரோ செஞ்சதை வச்சுக்கிட்டு எனக்கு என்ன வாழ்க்கை?” என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் கஞ்சத்துக்கு ஒரு யோசனை வந்தது. பழைய சிப்பின் பகுதிகளைப் புதுச் சிப்பில் அப்படியே எடுத்துப் போடுவது தொழிலில் சகஜம். புதுக் கருவியிலும் அவர் வைத்த அந்த விழிக்கும் பகுதி இருந்தால்? அத்தையிடம் தைரியமாகச் சொல்லலாம். பிளாஸ்க் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான். இப்போது அவன்தான் மேனேஜர். அத்தை காதில் விழக் கூடாது என்று வெளியே போய் அவனுக்குப் போன் போட்டாள்.

“கஞ்சம் அக்கா! எப்படி இருக்கீங்க?”

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“இல்லக்கா. முழுசா மாத்தியாச்சு. எந்த இடத்துல எந்த வி.டி. போடணும்னு இப்ப கம்ப்யூட்டரே பாத்துக்குது. ராத்திரி விட்டுட்டுப் போனா காலையில முடிச்சு வச்சிருக்கு, சண்டையே கிடையாது. உங்க ரெண்டு பேரோட செல் ஒண்ணுகூட அதுல இல்ல.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்லக்கா.” பிறகு தயங்கிவிட்டுச் சொன்னான்: “அம்மாகிட்ட அதேதான்னு சொல்லிடுங்க. அவங்க என்ன திறந்தா பாக்கப் போறாங்க? உயிர் முக்கியம்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பொய்யை ஒத்திகை பார்த்தாள். ‘அதே சிப்தான் அத்தை, அவர் வச்சது அப்படியே இருக்கு.’ லிஃப்ட்டில் யாரும் இல்லை. வாய்விட்டே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்தது. கதவைத் திறந்ததும் அத்தை கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கஞ்சம் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“அத்தை, புதுசைப் பத்தி ஆபீஸ்ல கேட்டேன்.”

அத்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவள் முன்னால் குனிந்தாள். “அதுல அவன் செஞ்சது ஏதாவது இருக்கா?”

‘இருக்கு’ என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை. அத்தை நாளைக்கே கிளம்பிவிடுவாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் இல்லாத இடத்தில் அவர் இருக்கிறார் என்று தன் வாயால் சொல்லக் கஞ்சத்தால் முடியவில்லை. இத்தனை வருடமாக மனதுக்குள் தனக்கே அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

“இல்ல அத்தை. ஒண்ணும் இல்ல. அவரோடதும் இல்ல, என்னோடதும் இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க.”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. படிக்கட்டில் வராத அழுகை, இத்தனை வருடம் வராத அழுகை. மூச்சுத் திணறத் திணற அழுதாள். “உங்களுக்குள்ள இருக்கறது மட்டும்தான் அத்தை இருக்கு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுல எனக்குத் தெரிஞ்சு வேற எங்கயும் எதுவும் இல்ல.”

அத்தை எழுந்து வரவில்லை. முட்டி அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க விடாது. கையை நீட்டி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழுகை ஓயும்வரை அந்தப் பிடியை விடவில்லை. பிறகு கேட்டாள்.

“நான் செத்துட்டா இதை என்ன பண்ணுவாங்க?”

“எரிக்கறதுக்கு முன்னாடி எடுத்துடுவாங்க. நெருப்புல பேட்டரி வெடிக்கும்.”

“எடுத்து?”

“தூக்கிப் போட்டுடுவாங்க அத்தை. அந்த நேரத்துல யாரு போய்க் கேக்கறது?”

“உயிரோட இருக்கும்போது எடுத்தா?”

“கேட்டா கொடுப்பாங்க.”

அத்தை மேல்துணிக்கு மேலாகவே அந்தப் புடைப்பைத் தொட்டுப் பார்த்தாள். தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல் இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

“இத்தனை நாளா என்கிட்டயே இருந்துட்டான். உனக்குன்னு என்ன இருக்குன்னு நான் நினைச்சே பாக்கல. இனிமே நீ வச்சுக்கோ.”

கஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள்.

“டாக்டருக்குப் போன் போடு, நாளைக்கே வர்றோம்னு சொல்லு,” என்றாள் அத்தை. “கழுவித் துடைச்சுக் கொடுக்கச் சொல்லும்மா. ரத்தத்தோட வாங்கிக்காத.”